மடி கொடுத்துவிட்டுப் போனவர்

வேலிக்குடிப் பிள்ளைகளின் காதில் ஊசி ஏறாமல் போனது, நடிகர் ஜெயதீரன் அந்த ஊருக்கு வந்துவிட்டுப் போன அன்றைக்கு மத்தியானத்திலிருந்துதான். அதுவரைக்கும் அங்கே காதுக்கும் ஊசிக்கும் ஒரு பகையும் கிடையாது. ராமநாதபுரத்துச் சீமையில் மற்ற ஊர்களில் எப்படியோ அப்படித்தான் அங்கேயும். பிள்ளைக்கு மொட்டையடித்து, முனியசாமி கோயில் வேப்பமரத்தடியில் பலகை போட்டு, தாய்மாமன் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள, ஆசாரி ஊசியை எடுத்தாரென்றால், பிள்ளை வீலென்று கத்துவதற்குள் வேலை முடிந்து, கத்துகிற வாயில் யாராவது ஒருத்தி சீனியை அள்ளிப் போட்டிருப்பாள்.

அந்த ஊரில் சோணைமுத்து என்று ஒருத்தன் இருந்தான். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, உள்ளுக்குள்ளேயே புகையவிட்டுக் கரி எடுப்பதுதான் ஊருக்கே பிழைப்பு, அவனுக்கும் அதே பிழைப்பு. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருதரம் அந்தக் கரிமூட்டம் வாய் பிளந்ததில் இடது கன்னம் வெந்துபோய், பெண் கொடுக்க வந்தவர்கள் அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஊர்க்கூட்டத்தில் அவனைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்ததில்லை. அவன் வந்தானா வரவில்லையா என்றுகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவனுடைய அக்கா இருளாயிக்கு, கல்யாணமாகி ரொம்ப நாள் ஏங்கவிட்டு ஒரு பெண்பிள்ளை பிறந்ததும், சோணைமுத்துவுக்கும் உலகத்தில் ஒரு இடம் கிடைத்துவிட்டது. எந்த ஊர் மிராசுதாரனாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு மாமனாகிவிட முடியுமா? முடியாது. பிள்ளைக்கு சுபிக்ஷா என்று பேர் வைத்தார்கள். அதைச் சுபி, சுபி என்று கூப்பிட்டுக்கொண்டு அவன் அக்கா வீட்டு வாசலிலேயே கிடந்தான், காது குத்து எப்போ, காது குத்து எப்போ என்று அக்காளைப் பிடுங்கி எடுத்தான்.

அந்த நாளும் வந்தது. வந்த நாளிலா ஜெயதீரனும் வர வேண்டும்? என்னத்தைச் சொல்ல!

ஜெயதீரன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் படம் வந்தால் மதுரையில் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவார்கள். ஆனால் அவர் படத்தோடு நிற்கவில்லை. உலகத்தில் எங்கெல்லாம் ஏழைகள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் போய், அவர்களுடைய கஞ்சியைக் குடித்து, அவர்களுடைய பிள்ளையைத் தூக்கி, அதையெல்லாம் படம்பிடித்துப் பெரிய பெரிய நாட்டுச் சபைகளில் போட்டுக் காட்டி, இவர்களும் நம்மவர்கள்தான் என்று தொண்டை அடைக்கப் பேசுகிறவர். பொய்யாக அழுகிறவர் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. வேலிக்குடியில் கார் கதவைத் திறந்து இறங்கி, கரி அப்பிய பிள்ளைகளைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியதை ஊரே பார்த்தது. அப்போது கேமரா இன்னும் பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கவில்லை.

வேப்பமரத்தடியில் பலகை போட்டிருந்தது, தட்டில் தேங்காயும் பழமும் வெல்லமும் இருந்தது, பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தது, சோணைமுத்து மடிப்புக் கலையாத வேட்டியில் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். படக்காரர்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அவர்களோடு வந்திருந்த நிரஞ்சனா என்கிற பெண், ஜெயதீரனுடைய தர்ம காரியங்களையெல்லாம் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், சோணைமுத்துவிடம் வந்து, "அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் அந்தப் பக்கமா நகர்ந்துக்கிறீங்களா? நீங்க ஃப்ரேம்ல விழறீங்க" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அவனும் நகர்ந்தான். வாழ்நாள் பூராவும் யாராவது நகரச் சொன்னால் நகர்ந்தே பழகியவன், அன்றைக்கு மட்டும் நகராமல் நின்றிருக்கக் கூடாதா?

ஜெயதீரன் பலகையில் உட்கார்ந்தார், பிள்ளையை மடியில் வாங்கினார், அது அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது, அவர் சிரித்தார், சிரித்த வாயோடு கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "பசியோட இருக்கிற ஒவ்வொரு குழந்தையும் என் தங்கச்சி பெத்த குழந்தை. இன்னையிலிருந்து இந்த ஊர்க் குழந்தைங்க அத்தனை பேருக்கும் நான்தான் தாய்மாமன்."

கேமராவுக்கு முன்னால் பேசுகிற பேச்சு வேறு, காது குத்துப் பலகையில் உட்கார்ந்து மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்கிற சொல் வேறு என்பது அவருக்குத் தெரியாது. பலகையில் உட்கார்ந்து சொன்ன சொல்லைப் படத்துக்காகச் சொன்னது என்று தள்ளிவிட ஊராருக்கும் தெரியாது. சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. பெண்கள் எல்லாரும் சேர்ந்து நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுவிட்டார்கள். குலவை போட்டால் ஊர் ஒத்துக்கொண்டது, சாமி கேட்டுக்கொண்டது என்று அர்த்தம். ஆசாரி ஊசியை எடுத்தபோது நிரஞ்சனா குறுக்கே வந்து, "ரத்தம் வர்ற மாதிரி எதுவும் வேண்டாம், பாக்குறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்றாள். ஜெயதீரன் பிள்ளையின் மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்து, அதை இருளாயி கையில் கொடுத்துவிட்டு, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுக் காரில் ஏறிப் போனார்.

தூசி அடங்கினதும் சோணைமுத்து வந்து பலகையில் உட்கார்ந்தான். பலகை இன்னும் சூடாக இருந்தது. பிள்ளை மடிக்கு வந்தது, ஆசாரி நாகலிங்கம் ஊசியைக் காதில் வைத்தார், ஊசி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார், மறுபடியும் வழுக்கிற்று. தொட்டால் பூப்போல இருந்த காது, ஊசி வந்தால் மட்டும், பிடிக்கப் போன கெண்டை கையை விட்டு நழுவுகிறதுபோல ஒதுங்கி வழிவிட்டது. வழிவிட்டதே தவிர இடம் கொடுக்கவில்லை. பிள்ளைக்கு வலிக்கவும் இல்லை. அது ஆசாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இது என் ஊசிக் கோளாறு இல்லப்பா," என்று ஆசாரி ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினார். "மடி மாறிப் போச்சு."

சாமியாடியும் அதைத்தான் சொன்னார். ஒரு மாமன் மடி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், கொடுத்தவன் வந்து முடிக்க வேண்டும், அதுவரைக்கும் வேறு எவன் மடியும் செல்லாது என்றார். ஊரில் யாரும் இதைக் கேட்டு வாயைப் பிளக்கவில்லை. சொன்ன சொல் ஊரில் இருக்கிறது, சொன்ன ஆள் ஊரில் இல்லை, பிறகு ஊசி எப்படி ஏறும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் காது குத்து வைத்தார்கள், அதுவும் அப்படியே ஆயிற்று. கமுதிக் கடையில் துப்பாக்கி மாதிரி ஒரு சாமானை வைத்துக் குத்துகிறார்கள் என்று ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தத் துப்பாக்கிதான் உடைந்தது. யாரோ யோசனை சொல்லி, ஜெயதீரன் படம் போட்ட காலண்டரைப் பலகையில் விரித்து, அதன்மேல் பிள்ளையை உட்காரவைத்தும் பார்த்தார்கள். ஊசி ஒரு கணம் யோசித்ததாகத்தான் ஆசாரி சொன்னார், ஆனால் ஏறவில்லை.

ஏறாத ஊசியோடு எத்தனை நாளைக்கு மல்லுக்கட்டுவது? ஊர் அதற்குத் தகுந்த மாதிரி மாறிக்கொண்டது. பிள்ளைகளின் கம்மலைக் கருவேலம் பிசின் வைத்து ஒட்டினார்கள்; வேர்த்தால் விழுந்துவிடும் என்பதால் பிறகு கறுப்பு நூலில் கோத்துக் காதைச் சுற்றி மாட்டிவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வேலிக்குடி என்கிற பேரையே மறந்து, மூளிக்காது ஊர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மாமன்மார்கள் பாடுதான் பெரும்பாடாகப் போயிற்று. வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார் இல்லை, மேளத்தோடு தட்டு எடுத்துப் போக வழி இல்லை, அக்கா தங்கச்சி வீட்டுப் படியேறினால் வந்த விருந்தாளிபோல ஓரமாக உட்கார வேண்டியிருந்தது. சிலபேர் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் கிடந்தார்கள். ஒருத்தன் கோபத்தில் அந்தப் பலகையைத் தூக்கிக் கரிமூட்டத்தில் போட்டான். மூட்டம் பிரித்தபோது மற்றதெல்லாம் கரியாகியிருக்க, பலகை மட்டும் பலகையாகவே இருந்தது.

அந்தப் படமோ உலகமெல்லாம் ஓடியது. நிரஞ்சனா வருசா வருசம் மாவு மூட்டையும் போர்வையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டு போவாள். ஒரு வருசம் அவள் போட்டிருந்த பனியனில் ஓட்டை இல்லாத ஒற்றைக் காது வரைந்திருந்தது. எங்கள் இயக்கத்துக்கே இப்போது இதுதான் சின்னம், வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள்கூட இதைப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். பெண்கள் அந்தக் காதை உற்றுப் பார்த்துவிட்டு, எங்க பிள்ளை மூளியை நீ எதுக்கும்மா மாரில போட்டுக்கிட்டுத் திரியுறே என்று கேட்டார்கள். இன்னொரு வருசம் அவளே இருளாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஊர்ல மட்டும் இல்லக்கா" என்றாள். ஆப்பிரிக்காவில் ஒரு ஊரில் ஜெயதீரன் தொட்டிலைத் தொட்டு, இந்தப் பிள்ளைக்கு நான்தான் பெரியப்பன் என்று சொல்லிவிட்டு வந்ததிலிருந்து, அங்கே எந்தப் பிள்ளைக்கும் வைத்த பேர் ஒட்டவே மாட்டேன் என்கிறதாம். காலையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் பெற்றவளுக்கே மறந்துபோகிறதாம். எங்கேயோ மலைமேல் ஒரு ஊரில், ஞானத்தகப்பன்தான் பிள்ளைக்கு முதல் முடி வெட்ட வேண்டுமாம், அது நான்தான் என்று இவர் சொல்லிவிட்டு வந்ததிலிருந்து அங்கே கத்தரிக்கோல் முடியை வெட்டுவதில்லையாம்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் இருளாயி.

"சொல்லியிருக்கேன். ரொம்ப வருத்தப்பட்டார்."

"வருத்தப்பட்டு?"

"அடுத்த நாள் அவருக்கு வேற நாட்டுல நிகழ்ச்சி இருந்ததுக்கா."

சோணைமுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசல் ஓரத்தில் நின்றான். இத்தனை வருசமும் அவன் அக்கா வீட்டுக்கு வராமல் இல்லை. சுபியைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தான், அவளுக்கு மூளி என்று பட்டப்பேர் வைத்த பையன்களை விரட்டிக்கொண்டு ஓடினான். ஆனால் மாமன் என்று ஒரு இடத்தில் உட்கார முடியவில்லையே! அவனுக்குள் அது கனன்றுகொண்டே கிடந்தது. ஜெயதீரன் வந்து முடித்துவிட்டால் பிள்ளைக்குக் காது கிடைக்கும், அவனுக்கு இடம் போய்விடும். வராமலே இருந்தால் இரண்டுமே இல்லை. எது நடக்க வேண்டும் என்று முனியசாமியிடம் கேட்பது என்று தெரியாமல் அவன் கோயிலுக்குப் போவதையே விட்டிருந்தான்.

கடைசியில் பெண்கள்தான் வழி கண்டார்கள். அண்ணன் வரவில்லை என்றால் தங்கச்சி போக வேண்டியதுதானே, அது பொறந்த வீடு, அதற்கு யாருடைய உத்தரவு வேண்டும் என்றார்கள். அண்ணனை எப்படிக் காது குத்துக்கு அழைக்கிறது? தங்கச்சி தட்டு எடுத்துக்கொண்டு பொறந்த வீட்டுக்குப் போக வேண்டும், படியேற வேண்டும், அங்கே ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும், அப்புறம் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுத்து, வாண்ணே என்று கூப்பிட வேண்டும். அவரை யாராவது இப்படி முறையாக அழைத்தோமா? அழைக்காதது நம்ம தப்பு என்று அவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். முதல் மடி சுபிக்குத்தான் கிடைத்தது என்பதால் இருளாயிதான் போக வேண்டும் என்று ஆயிற்று. அவள் புருஷன் கேரளாவில் ரோட்டு வேலையில் இருந்தான். துணைக்குச் சோணைமுத்துவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? தன் பலகையில் உட்கார்ந்தவரை வெற்றிலை வைத்து அழைத்துவரத் தானே தட்டைச் சுமந்துகொண்டு, சுபியையும் கூட்டிக்கொண்டு அவன் பஸ் ஏறினான்.

சென்னையில் கடலுக்குப் பக்கத்தில், இலைகூட உதிரக் கூச்சப்படுகிற மாதிரி சுத்தமான ஒரு தெருவில் இருந்தது ஜெயதீரன் வீடு. தெரு முனை திரும்பினதுமே இருளாயி நின்றுவிட்டாள். மதில் ஓரமாக நெடுகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு உடுப்பு, ஒவ்வொரு பாஷை, ஆனால் எல்லார் மடியிலும் ஒரு தட்டோ கூடையோ துணி மூட்டையோ இருந்தது, எல்லார் பக்கத்திலும் ஒரு பிள்ளை இருந்தது. முதலில் உட்கார்ந்திருந்தவள் கம்பளியைப் போர்த்தியிருந்தாள்; அவள் மகனுடைய முடி தரையில் புரண்டு, சுருட்டி வைத்த கயிறுபோல அவன் பக்கத்தில் கிடந்தது. எத்தனை கடல் தாண்டி எப்படி வந்தார்கள் என்று இருளாயி யோசிக்கவில்லை. பொறந்த வீட்டுக்கு வருகிறவளுக்கு வழியா தெரியாது? அவள் கம்பளிக்காரியைப் பார்த்துத் தலையாட்டினாள், அவளும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"தங்கச்சி வந்திருக்கேன்னு சொல்லுங்கய்யா" என்றாள் இருளாயி வாட்ச்மேனிடம்.

"எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க" என்றார் அவர். அவர் முகம் வாடிப்போயிருந்தது. யாரையும் விரட்டவும் மாட்டாமல், கதவைத் திறக்கவும் அதிகாரமில்லாமல் அவர் எத்தனை நாளாக அங்கே நின்றுகொண்டிருந்தாரோ.

வெயில் ஏறி, சுபிக்குத் தாகம் எடுத்து, வாட்ச்மேன் தன் பாட்டிலைக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் மாடியில் ஒரு திரை விலகியது. கொஞ்ச நேரத்தில் கேட் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது. ஜெயதீரனே வந்தார். பின்னால் நிரஞ்சனா வந்தாள். அவருக்கு முன்முடி நரைத்திருந்தது. நேராகச் சுபியிடம் வந்து முட்டி போட்டு உட்கார்ந்து, நூலில் தொங்கிய கம்மலை விலக்கி, அந்த மூளிக் காதைத் தொட்டுப் பார்த்தார், கண் நிறைந்துவிட்டது. மேலே சொன்னேனே, அந்த மனுசன் அழுகை பொய் இல்லை.

"வாண்ணே" என்று இருளாயி தட்டை நீட்டினாள். "காது குத்து வச்சிருக்கோம். அழைக்க வந்தேன். வீட்டுக்குள்ள கூப்பிடு, ஒரு வாய் சோறு போடு, தின்னுட்டு உன்னையும் கூட்டிட்டுப் போயிர்றேன்."

அவர் தட்டை வாங்கக் கையை நீட்டினவர், அப்போதுதான் மதில் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். தெரு முனை வரைக்கும் நின்றிருந்தார்கள், முனைக்கு அந்தப் பக்கம் கடற்கரையிலும் ஆட்கள் வருவது தெரிந்தது.

"எல்லாருமா?" என்றார் மெதுவாக.

"எல்லாரும் நீ வாயால சொன்னவங்கதானேண்ணே?"

"இங்கேயே குத்திடலாமா? இப்பவே? நான் மடியில வச்சுக்கிறேன்."

"வீட்டுப் படி ஏத்தாம மடி மட்டும் குடுத்தா எப்படிண்ணே செல்லும்?"

அவர் நிரஞ்சனாவைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மறுபடி அந்தப் பெண்களைப் பார்த்தார். அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் பயம் வந்தது. இருளாயி அதைப் பார்த்தாள்.

"அப்போ ஒண்ணு பண்ணு," என்றாள். "நான் மாமன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. நாங்க கோவிச்சுக்க மாட்டோம். நீ விட்டுட்டா பிள்ளைக்கு ஊசி ஏறிரும்."

"அதை எப்படிம்மா சொல்லுவேன்?" என்று கேட்டார் ஜெயதீரன். "நான் அன்னைக்கு மனசறிஞ்சு சொன்னேன். நெசமாத்தான் சொன்னேன். அதை இல்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் யாரு?"

"நீ நெசமாத்தான் சொன்னேன்னு எனக்குத் தெரியும்ணே. பொய்யாச் சொல்லியிருந்தா என்னைக்கோ ஊசி ஏறியிருக்குமே."

அவரால் வரவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, கேட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். நிரஞ்சனா, அடுத்த மாசம் ஒரு தேதி பாக்கலாமா சார் என்று ஆரம்பித்தாள்.

தெரு கூட்டுகிற விளக்குமாறு ஒன்று மதிலில் சாய்த்து வைத்திருந்தது. இருளாயி தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போய், அதிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். அது எதற்கென்று சோணைமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் உறவை அறுத்துக்கொள்கிறவர்கள் எதிரில் நின்று ஒரு துரும்பை ஒடித்துப் போடுவார்கள். ஒடித்துவிட்டால் அதற்கு மேல் வாழ்வுக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை. இத்தனை வருசமும் அவன் ஆசைப்பட்டது இதற்குத்தானே? ஒருவிதமான சந்தோஷம் அவனுக்குள்ளே குபீரென்று வந்தது, வந்த அதே வேகத்தில் வெட்கமும் வந்தது. கொஞ்சம் அந்தப் பக்கமா நகர்ந்துக்கிறீங்களா என்று ஒருத்தி சொல்லி, அவன் நகர்ந்து நின்ற இடத்தின் வெறுமை அவனுக்குத்தான் தெரியும். இன்னொரு மனுசனை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"வேணாம்க்கா," என்றான். "விட்ரு. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். பாவம்க்கா."

"நீ சும்மா இருடா" என்றாள் இருளாயி. அவளுக்கு மூக்கிலும் கண்ணிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. "இன்னியோட உனக்கும் எனக்கும் அண்ணன் தங்கச்சி கிடையாது. உன் வாசல் எனக்கு வேணாம். என் பிள்ளைக்கு உன் மடி வேணாம். நல்லா இரு."

ஈர்க்கு ஒடிந்தது. அத்தனூண்டு ஈர்க்குக்கு அவ்வளவு சத்தம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கடற்கரையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு துண்டை அவர் காலடியில் போட்டாள். இன்னொரு துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"உக்காருடா" என்றாள் தம்பியிடம்.

பலகை இல்லை, வேப்பமரம் இல்லை, மேளம் இல்லை. சோணைமுத்து அந்தத் தெருவின் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சுபி இப்போது வளர்ந்த பிள்ளை. மடியில் உட்கார்ந்தால் கால் இரண்டும் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. இருளாயி தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மகள் காதில் வைத்து அழுத்தினாள். ஊக்கு ஏறியது. சுபி தெருவே அதிரக் கத்தினாள். இப்படி ஒரு வலி இருக்கிறதென்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? மாமா, மாமா என்று கத்திக்கொண்டே அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தாள். அவன் அவள் தலையைத் தன் வெந்த கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்டா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ரத்தம் அவன் சட்டையில் சொட்டியது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க எதையாவது செருக வேண்டுமே. இருளாயி கையில் இருந்த அந்த ஒடிந்த ஈர்க்கைக் கிள்ளி, மகள் காதில் செருகினாள்.

பிள்ளை கத்தினபோது ஜெயதீரனுடைய இரண்டு கையும் தானாக நீண்டன. வாங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தன. நிரஞ்சனா பழக்கத்தில் போனைத் தூக்கினாள், பிறகு இறக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கம்பளிக்காரி எழுந்து வந்து, சுபியின் காதைக் குனிந்து பார்த்தாள், ரத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு இருளாயி பேசினதில் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவள் போய் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு வந்து ஜெயதீரன் எதிரில் நின்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி வந்தாள். வாட்ச்மேன் விளக்குமாற்றை எடுத்துக் கட்டை அவிழ்த்து, எல்லாருக்கும் எட்டுகிற மாதிரி மதில்மேல் பரப்பி வைத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருளாயியும் தம்பியும் மகளும் தெரு முனை திரும்பும் வரைக்கும் ஒடிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சோணைமுத்து ஒருதரம் திரும்பிப் பார்த்தான். ஜெயதீரன் கேட்டை மூடவில்லை; அங்கேயே நின்று ஒவ்வொருத்திக்கும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் சுபி அழுது அழுது மாமன் மடியிலேயே தூங்கிப்போனாள். சோணைமுத்துவுக்கு மனசு நிறைந்திருந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். செங்கல்பட்டு தாண்டினதும் பக்கத்தில் இருளாயி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். செத்த வீட்டில் அழுகிற அழுகை. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா? அதான் பிள்ளைக்குக் காது ஆயிருச்சே?"

"செத்தாலாவது தீட்டுக் காத்து, முழுகி எந்திரிப்போம்டா. ஒடிச்சுப் போட்டதுக்கு நான் என்னடா காப்பேன்?" என்றாள். "மழை பேயாத வருசமெல்லாம், கேரளாவுல இருக்கிற மனுசன் காசு அனுப்பாத மாசமெல்லாம், பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணிய ஊத்திப் படுக்கவச்சுட்டு, எனக்கென்ன, எனக்கு உலகத்துல ஒரு அண்ணன் இருக்கான்னு நினைச்சுக்குவேன்டா. அவன் ஒண்ணும் குடுக்கல. நினைச்சுக்கிறதுக்கு இருந்தான். இனிமே யாரைடா நினைப்பேன்?"

"நான் இருக்கேன்ல அக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். வெந்த கன்னத்தையும், கிழிந்த சட்டையையும், ரத்தக் கறையையும், மடியில் வாயைத் திறந்து தூங்குகிற பிள்ளையையும் பார்த்தாள்.

"நீ இருக்கேடா," என்றாள். "நீ எப்பவும்தான் இருக்கே."

சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள். சோணைமுத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் பிள்ளையின் தலை சீட்டுக் கம்பியில் இடிக்காமல், புதுக் காதில் படாமல், உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.